அக்டோபர் பாக்கி

ஹொங்கலம்பி நகராட்சி வெப்ப நிலையத்தில்
இரவுப் பணிக்கு ஒரே ஆள்தான்.
இன்று சைமி.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
நாலு நாளாகக் காற்றில்லை.
குன்றின்மேல் பதினோரு காற்றாலைகளும்
முதுகுப் பக்கம் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல்
நின்றது நின்றபடி.

திரையின் ஓரத்தில் மின்சார விலை
ஏணி இல்லாமல் ஏறிக்கொண்டிருக்கிறது.
அவள் அதைப் பார்ப்பதில்லை.
அவளுடைய எண் வேறு:
நானூற்று முப்பத்தாறு.
அது மணலின் சூடு.

மணல் என்றால்
காலடி பதியும் மணலில்லை.
குவாரியில் கழித்துப் போட்டது,
கொத்தனார் உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து
உதறிவிட்ட ரகம்.
நாலு மாடி உயர எஃகு உருளைக்குள்
இரண்டாயிரம் டன்.
கொட்டிய அன்று பள்ளிப் பிள்ளைகள்
ஆளுக்கொரு டப்பா அள்ளிப் போட்டார்கள்.
ஒருத்தன் கையுறையையும் சேர்த்துப் போட்டுவிட்டு
வீட்டில் அடி வாங்கினான்.
அந்தக் கையுறை இந்நேரம்
சாம்பலாகக்கூட மிஞ்சியிருக்காது.

மூன்றே காலுக்குத் தொலைபேசி.
ஆவ்லிஸ் ரெய்னிக்கா. வேறு யார்?

"ரேடியேட்டர் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது."
அப்படித்தான் இருக்கணும், ஆவ்லிஸ்.
"காற்றாலை நிற்கிறது. என் சன்னலில் தெரிகிறது.
பிறகு எதை வைத்துச் சுட வைக்கிறீர்கள்?"
மணலை வைத்து.
"மணலைக் கயிறாகத் திரிக்காதே, பெண்ணே."

திரிக்கவில்லை என்கிறாள்.
அவர் கேட்கவில்லை, அவருக்கு அவர் கதை:
அக்டோபர் பத்தொன்பது இரவு
நீராவிக் குளியலறையின் கூரை
தகரத்தோடு எழுந்து போனது.
மறுநாள் அடுத்த ஆளின் உருளைக்கிழங்கு வயலில்
மல்லாந்து கிடந்தது.
காப்பீட்டுக்காரர்கள் எழுதுகிறார்கள்:
அன்று அடித்தது பலத்த காற்று, புயல் அல்ல.
புயலுக்கு இன்னும் நொடிக்கு இரண்டு மீட்டர் குறைகிறதாம்.
இரண்டு மீட்டர்!
வெறும் இரண்டு மீட்டருக்கு ஒரு கூரை.

பேசட்டும் என்று விட்டுவிட்டு
சைமி பழைய பதிவேட்டைத் திறக்கிறாள்.
அக்டோபர் பத்தொன்பது, ஒன்று நாற்பது.
விலை பூஜ்யத்துக்குக் கீழே.
வாங்கிக்கொள்ளுங்கள், மேலே காசும் தருகிறோம் என்று
கம்பிகள் கெஞ்சிய இரவு.
காற்றுள்ளபோதே தூற்றிக்கொண்டோம்:
எல்லாச் சூடேற்றிகளும் முழு வீச்சில்,
கொதிக்கும் காற்று குழாய் குழாயாய் உள்ளே இறங்க
விடிவதற்குள் நாற்பது டிகிரி.
பக்கத்தில் அவள் கையெழுத்து.
ஒரு காப்பிக் கறை.

"ஆவ்லிஸ்,
உங்கள் கூரையைத் தூக்கிப் போன காற்று
இப்போது உங்கள் ரேடியேட்டரில் இருக்கிறது."

சொன்னதும் அவளுக்கே உறுத்துகிறது.
எந்தச் சூடு எந்தக் காற்றினுடையது
என்று மணல் பிரித்து வைப்பதில்லை.
நவம்பரில் ஏற்றினோம், டிசம்பரில் இறக்கினோம்,
மறுபடி ஏற்றினோம்.
மிஞ்சிப்போனால்
ஒரு பிடி இருக்கலாம் அந்த இரவினுடையது.
ஒரு பிடிக்குப் பொய்யில்லை.

மறுமுனையில் வெகுநேரம் மூச்சு மட்டும்.
"அப்படியென்றால்," என்கிறார் ஆவ்லிஸ்,
"கூரைக்கான தொகையை
இந்த மாத பில்லில் கழித்துக்கொள்."
அதற்கு ஒரு படிவம் இருக்கிறது என்கிறாள்.
இல்லை. அப்படி ஒரு படிவமே இல்லை.
காலையில் ஒன்று அடித்து அனுப்பிவிடலாம்.

அவர் இணைப்பைத் துண்டிக்கவில்லை.
கைபேசியை ரேடியேட்டர்மேல் வைத்துவிட்டுத்
தூங்கப் போய்விட்டார் போல.
காதோடு அழுத்திக்கொள்கிறாள்.
டிக். டிக்கென்று இரும்பு விரிகிற சத்தம்.
அதற்கும் அடியில், மெல்ல,
இருபது நிமிடம் முன்பு
அவளே வால்வைத் திறந்து அனுப்பிய தண்ணீர்
அவர் வீட்டுக்குள் நுழைகிறது.

நானூற்று முப்பத்தைந்து.